கோதானப் பசுவும் பெப்ரவரி மானியமும்

சிவமயம்

ரொம்மன், ஒஸ்லோ
7.5.2006

அன்புள்ள தம்பி இந்திரகுமார்,

நானும் தனுஷாவும் கடவுள் கிருபையால் சுகம். உன் முதுகு நோ இப்போது எப்படி? பனிக்காலம் முழுக்கத் தொழுவத்தில் குனிந்து நிமிர்ந்த முதுகு லேசில் ஆறாது. சுடுதண்ணீர் ஒத்தடம் பிடி.

போனில் கதைத்தால் நீ “சரியக்கா, மாடு கத்துது” என்று வைத்துவிடுகிறாய். போன கிழமை நானே வைத்துவிட்டேன். மாறி மாறி வைப்பதை விட எழுதுவது நல்லது என்று உட்கார்ந்திருக்கிறேன். கடிதத்தை நீ பாதியில் வைக்க ஏலாது.

“டாக்ரூஸை இந்த முறை லொறியில ஏத்தப் போறன் அக்கா.” பழைய சோபாவை ஏற்றுகிற மாதிரிச் சொன்னாய். அது எந்த மாடு என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? ஒஸ்லோவில் எல்லாரும் கோதானத்துக்குத் தேங்காயைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். என் தம்பி பதின்னான்கு மாடு கட்டியிருக்க, உன் அத்தானுக்கு நான் ஏன் தேங்காய் கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். நீயும் ஓம் என்று டாக்ரூஸின் கழுத்துக் கயிற்றை ரெயிலில் கொண்டுவந்தாய். போன வருசம், அத்தானின் முப்பத்தோராம் நாள், அந்தக் கயிற்றைத்தான் நீர் வார்த்து ஐயர் கையில் கொடுத்தோம். அவர் ஆசீர்வதித்து, “நீயே வைச்சுப் பராமரி” என்று உன்னிடம் திருப்பித் தந்தார். அந்தப் பசுவின் வாலைப் பிடித்துத்தான் உன் அத்தான் வைதரணி ஆற்றைக் கடந்திருக்கிறார். அதை இறைச்சிக்கு ஏற்றுவாயா?

அம்மருட்டில் இருந்து ஜெயகுமாரி மச்சாள் மாதம் ஒருமுறை போன் எடுப்பாள். தன் தமையன் போன துக்கத்தை விசாரித்த கையோடு, “மாடு எப்பிடி?” என்பாள். இனி நான் அவளுக்கு என்ன சொல்ல?

லொறிக்காரனை வரவேண்டாம் என்று சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
அக்கா சிறிதேவி

*

வொஸ்
21.5.2006

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு பரவாயில்லை. உங்கள் பிரஷர் குளிசையை ஒழுங்காய்ப் போடுகிறீர்களா? தனுஷா படிப்புக்கு நடுவில் உங்களைக் கவனிக்கிறாளா?

லொறிக்காரனை மறித்துவிட்டேன். முதலில் அதைச் சொல்கிறேன், பிறகு கோபப்படாமல் மீதியை வாசியுங்கோ.

டாக்ரூஸுக்குப் பின்னங்கால் மூட்டு இரண்டும் வீங்கியிருக்கிறது. வயது போன மாடு. இனிக் கன்று தங்காது, பால் இல்லை. அது கூடப் பரவாயில்லை, ஒரு வாய்க்குத் தீனி போட என்னால் ஏலும். பிரச்சினை வேறு. பால் காசு தீனிக்கும் மின்சாரத்துக்கும் சரியாய்ப் போகும். தோர்லைஃப் கிழவனுக்குப் பண்ணை வாடகை கொடுப்பதும் நான் சீவிப்பதும் அரசாங்கம் தரும் மானியத்தில். அந்த மானியம் சும்மா வருவதில்லை. கட்டி வளர்க்கிற மாடு கோடையில் எட்டுக் கிழமையாவது வெளியே நடமாட வேண்டும். எந்த மாடும் நோவோடு கிடக்கக் கூடாது. சாணம் ஓடைக்குள் போகக் கூடாது. ஒன்றில் பிழை கண்டால் அந்த ஒரு மாட்டோடு விடமாட்டார்கள், மொத்த மானியத்திலும் வெட்டு விழும்.

மற்றப் பதின்மூன்றும் மேட்டுக்கு ஓடி ஏறிவிடும். இவள் தொழுவ வாசலில் நின்று பார்ப்பாள். இப்போதாவது நடந்து லொறியில் ஏறுவாள். நடக்க ஏலாத மாட்டை லொறிக்காரனும் தொடமாட்டான். அதனால்தான் சொன்னேன்.

நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். பார்ப்போம்.

இப்படிக்கு
தம்பி குமார்

*

சிவமயம்

ரொம்மன்
4.6.2006

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு மனம் ஆறியது. இங்கே இருவரும் சுகம். குளிசை போடுகிறேன். உப்பைத்தான் குறைக்க ஏலவில்லை.

லொறியை மறித்தது பெரிய புண்ணியம். ஆனால் நீ எழுதிய சட்டத்தை வாசித்து எனக்குத் தலை சுற்றியது. வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான், கூட்டல் கழித்தல் எனக்கு விளங்கும். இந்தக் கணக்கு விளங்கவில்லை. பசுவைக் கொல்லாதவனுக்குத் தண்டம், கொல்லுகிறவனுக்கு மானியமா? சந்தையில் இறைச்சியை மலைபோல அடுக்கி வைத்திருக்கும் நாட்டுக்கு, ஒரு மாட்டின் முழங்காலில் திடீரென்று என்ன அக்கறை?

தனுஷா கொம்பியூட்டரில் எடுத்துத் தர, அகராதியை வைத்துக்கொண்டு நானும் அந்தச் சட்டத்தை வாசித்தேன். பள்ளிக்கூடம் போய் நொர்ஸ்க் மொழி படிக்காவிட்டாலும், பால் பெட்டியிலும் வரிக் கடிதத்திலும் படித்தது கைகொடுத்தது. கொல்ல வேண்டும் என்று அதில் ஒரு இடத்திலும் இல்லை. நோகக்கூடாது என்றுதான் இருக்கிறது. அப்படியென்றால் நோவை மாற்று.

நல்லெண்ணெயில் உள்ளியும் வேப்பம்பூவும் போட்டுக் காய்ச்சி இரண்டு போத்தல் அனுப்புகிறேன். காலையும் மாலையும் மூட்டில் தடவு. கோயில் விபூதியும் இருக்கிறது. நெற்றியில் பூசிவிடு, உனக்கும் பூசு.

அக்கா சிறிதேவி

*

வொஸ்
9.7.2006

அன்புள்ள அக்கா,

எழுதப் பிந்திவிட்டது, புல் வெட்டுக் காலம். நான் சுகம். நீங்களும் பிள்ளையும் சுகம்தானே?

எண்ணெய் வந்தது. ஒரு போத்தல் உடைந்து தபால்காரனின் வேன் முழுக்க உள்ளி மணம். உன் அக்கா உனக்கு என்ன சாப்பாடு அனுப்பினவ என்று கேட்டான். மற்றப் போத்தலைத் தடவினேன். பக்கத்து மாடு நக்கி நக்கி டாக்ரூஸின் கால் மயிர் கொட்டிப்போயிற்று. நோவுக்கு மாட்டு வைத்தியர் மருந்தும் போட்டார். மருந்து நிற்கும் மட்டும் நல்லாயிருக்கிறாள்.

கொங்கிறீற்றில் நிற்பதுதான் அவளுக்கு நோ என்று, கீழே ஓடைப் பக்கம் மெதுவான நிலத்தில் தனி வேலி அடித்து விட்டேன். ஒவ்வொரு அடியாய்த் தள்ளிக்கொண்டு போக அரை நாள் போனது. அங்கே போய்ப் படுத்துப் புல்லைத் தின்றாள். அக்காவுக்கு எழுத வேண்டும் என்று சந்தோசப்பட்டேன்.

அந்தச் சந்தோசம் பத்து நாள் நின்றது. மழைக்கு நிலம் சேறாகி, சாணமும் சேறுமாய் ஓடைக்குள் இறங்கிவிட்டது. கொம்யூன் அலுவலகத்தில் இருந்து ஒரு பொடியன் ரப்பர் சப்பாத்தோடு வந்தான்.

“ஓடைக் கரையில் புல் இருக்க வேண்டும். இங்கே ஒரு துண்டுகூட இல்லையே?”

“மாட்டுக்குக் காலில நோ. அதுதான் மெத்தை நிலத்தில விட்டனான்.”

“மாட்டுக் கால் என் வேலை இல்லை. நான் தண்ணீர் பார்க்கிறவன்.”

“அப்ப மாட்டுக் கால் பாக்கிறவர் எப்ப வருவார்?”

“எழுதிவிடுகிறேன், வருவார்கள்” என்றான். நான் பகிடிக்குக் கேட்டேன் அக்கா. அவன் உண்மையாகவே எழுதிவிட்டான்.

வேலியைப் பிடுங்கி, அவளைத் திரும்ப உள்ளே கட்டியிருக்கிறேன். உள்ளே கட்டினால் மாட்டுச் சட்டம், வெளியே விட்டால் ஓடைச் சட்டம். நான் எங்கே கட்ட?

குமார்

*

சிவமயம்

ரொம்மன்
16.7.2006

அன்புள்ள தம்பி,

நீ சுகமாயிருக்க வேண்டுகிறேன். எனக்கு இரண்டு நாளாய் நித்திரையும் இல்லை, நிம்மதியும் இல்லை.

பகிடி விட உனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா? சின்ன வயதிலேயே வாய்தான் உனக்குச் சத்துரு. அரசாங்க உத்தியோகத்தனிடம் போய், மாட்டுக் கால் பார்க்கிறவர் எப்போது வருவார் என்று கேட்பாயா!

வெள்ளிக்கிழமை பூசை முடிய ஐயரைப் பிடித்தேன். “ஐயா, தானம் குடுத்த மாடு எழும்ப ஏலாமல் கிடந்தால் என்ன செய்யிறது?” என்றேன். அவர் கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “தேங்காய் குடுத்த ஆக்கள் ஒருத்தரும் இப்பிடிக் கேள்வியோட வாறதில்லை அம்மா” என்றார். நான் விடவில்லை. “குடுத்தது குடுத்ததுதான். இப்ப மாடு எனக்குச் சொந்தமெண்டாலும் நான் என்னத்தைச் சொல்ல? காஞ்சிபுரத்தில ஒரு பெரியவர் இருக்கிறார், கேட்டுச் சொல்லுறன்” என்று நழுவினார். போனமுறை சாந்தி செய்யும் நாளைக்கூடக் காஞ்சிபுரம்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கும் பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து தனுஷாவிடம் புலம்பினேன். அவள் கொம்பியூட்டரில் இருந்து தலையை எடுக்காமல், “அப்பாவைக் கொண்டுபோற மாடெண்டால், முடக்காலோட எப்பிடியம்மா ஆத்தைக் கடக்கும்?” என்றாள். நான் கையில் இருந்த அகப்பையோடு அடிக்கப் போனேன். அடிக்கவில்லை. போய்ச் சாம்பாரைத்தான் கிண்டினேன். தகப்பன் போனபோது எனக்குத் தெரியாமல் குளியலறைக்குள் இருந்து அழுத பிள்ளை அது. அவள் சொன்னது குத்தலா கேள்வியா என்று இன்னும் விளங்கவில்லை.

நீ எப்படியாவது சமாளி.

அக்கா

*

வொஸ்
3.9.2006

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாமல் இருந்ததற்குக் கோபிக்க வேண்டாம். நான் இருக்கிறேன். உங்கள் பிரஷர் கூடாமல் இருக்க வேண்டும், அதனால் ஆறுதலாய் வாசியுங்கோ.

மாட்டுக் கால் பார்க்கிறவர் வந்துவிட்டார். இங்குன் என்று ஒரு பெண். அதிகாரி என்றாலும் அவளும் பண்ணைக்காரன் மகள்தான், வந்தவுடன் சாக்கை விரித்து டாக்ரூஸுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். முட்டியில் படுக்கைப் புண்ணை எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்தாள். கையைச் சாக்கில் துடைத்தாள். பிறகு, “இவளை ஏன் வைத்திருக்கிறாய்?” என்றாள்.

சொன்னேன். அத்தானின் சாவு, தானம், ஆறு, வால், எல்லாம் எனக்குத் தெரிந்த நொர்ஸ்கில் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“நான் உங்கள் கடவுளோடு சண்டைக்கு வரவில்லை. ஆனால் இவள் கடன்காரி இல்லையே, ஏன் தன் நோவால் இவ்வளவு கடன் கட்டுகிறாள்?” என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை அக்கா. உங்களுக்கு வந்தால் எழுதுங்கோ.

ஒக்டோபர் முடிய முன் ஒரு வழி பண்ண வேண்டும். குணமாக்கினால் நல்லது, இல்லாவிட்டால் வைத்தியரைக் கொண்டு இங்கேயே முடிக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் பெப்ரவரி மானியத்தில் பெரிய வெட்டு. வெட்டு விழுந்தால் வாடகை கட்ட ஏலாது, தோர்லைஃப் பண்ணையைப் பக்கத்துக்காரனுக்குக் கொடுத்துவிடுவான். அவன் ஏற்கனவே வந்து தொழுவத்தை அளந்து பார்த்துவிட்டுப் போனான். பதினோரு வருசம் மீன் வெட்டி இதற்கு வந்தேன். மீன் வெட்டத் திரும்பிப் போக எனக்கு மனமில்லை.

குணமாகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

நான் என் பாட்டில் செய்யலாம். மாடு என் பெயரில்தான் பதிவு. ஆனால் கயிற்றை நீங்கள் கொடுத்தீர்கள். நீங்கள் செய் என்று சொன்னால் செய்வேன். ஒரு சொல் போதும்.

தம்பி குமார்

*

சிவமயம்

ரொம்மன்
17.9.2006

அன்புள்ள தம்பி இந்திரகுமார்,

நாங்கள் இருவரும் சுகம். உன் கடிதம் கிடைத்தது.

நவராத்திரி வருகிறது. கொலுவுக்கு இந்த முறை தனுஷா தானாகவே பலகை அடுக்கித் தந்தாள். கடலை, கௌபி, பயறு எல்லாம் பாகிஸ்தான் கடையில் வாங்கியாயிற்று. எட்டாம் நாள் என் முறை. சுண்டலுக்குத் தேங்காய் துருவிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டேன்.

ஜெயகுமாரி மச்சாள் எடுத்தாள். ஈஸ்டருக்குப் பேர்கனில் ஒரு கலியாணமாம், அப்படியே வந்து அண்ணனின் மாட்டைப் பார்த்து மாலை போட வேண்டுமாம். வா என்றேன். வேறு என்ன சொல்ல?

இங்கிலாந்தில் பசுமடம் ஒன்று இருப்பதாகக் கோயிலில் ஒருவர் சொன்னார். கப்பலில் ஏற்றினால் வைத்துப் பார்ப்பார்களாம். கேட்டுப் பார். இல்லாவிட்டால் உன் அயலில் மானியம் வாங்காத ஆர் வீட்டிலாவது கட்டு. சட்டம் மானியக்காரருக்குத்தானே?

காஞ்சிபுரத்துப் பதில் வரும் மட்டும் கொஞ்சம் பொறு தம்பி. மழையில் தொப்பி போட்டுக்கொள்.

அக்கா

*

வொஸ்
8.10.2006

அன்புள்ள அக்கா,

சுகமாயிருப்பீர்கள். சுண்டல் நல்லாய் வந்திருக்கும்.

இங்கிலாந்துக்கு அனுப்ப அவள் எழும்ப வேண்டும். தொழுவ வாசலுக்கே வரமாட்டாள். மானியம் வாங்காத வீட்டில் கட்டினாலும் மாட்டுக்கு நோகக் கூடாது என்பது எல்லாருக்கும் சட்டம். மானியக்காரனுக்குக் காசிலும் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முந்தநாளில் இருந்து அவள் எழும்பவில்லை. புண் படாமல் இருக்கப் பக்கம் மாற்றிப் போட வேண்டும். தோர்லைஃப் கிழவனும் அவன் மருமகனும் நானுமாய்க் கயிறு போட்டுப் புரட்டுகிறோம். புரட்டும்போது அவள் கத்தமாட்டாள். என்னைத் திரும்பிப் பார்ப்பாள். கத்தினால் பரவாயில்லை போலிருக்கிறது. நோவுக்கு ஊசி இரண்டு வேளை போடுகிறேன், இனி அது பிடிக்காது என்கிறார் வைத்தியர்.

இங்குன் முப்பதாம் திகதி வருகிறாள்.

அக்கா, பசுமடத்தைக் கேட்கவில்லை, காஞ்சிபுரத்தைக் கேட்கவில்லை. உங்களைக் கேட்கிறேன். போன் எடுத்தாலும் சரி, எடுத்தவுடன் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கோ, நான் கோபிக்க மாட்டேன்.

குமார்

*

வொஸ்
5.11.2006

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அங்கேயும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனாள். எல்லாம் சரி என்று எழுதினாள். ஓடைப் பிழைக்குச் சின்ன வெட்டு விழும், மீதி மானியம் பெப்ரவரியில் வரும். ஓடைக் கரையில் புல் விதைத்திருக்கிறேன், வசந்தத்தில் முளைக்கும்.

இங்கே ஒரே மழை. மாடுகள் பதின்மூன்றும் நலம்.

தனுஷாவுக்குச் சோதனை வரும் காலம். நன்றாய் எழுதச் சொல்லுங்கோ.

தம்பி

*

சிவமயம்

ரொம்மன்
28.1.2007

அன்புள்ள தம்பி இந்திரகுமார்,

நான் சுகம் என்று எழுதுவது வழமை, எழுதிவிட்டேன். உன் சுகத்தைக் கேட்கும் முகம் எனக்கு இல்லை, ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

பதின்மூன்று என்று எழுதியிருந்தாய். கணக்கு எழுதுகிறவளுக்கு அது போதும். மூன்று மாதமாய் அந்தக் கடிதத்தை எடுப்பதும் வைப்பதுமாய் இருந்தேன். உன் மேல் கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னைக் கேளாமல் செய்துவிட்டான் என்று. கேளாமலா? நீ கேட்ட இரண்டு கடிதமும் சாமிப் படத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தன. நான் சுண்டலைப் பற்றி எழுதினேன். பிறகு அதையும் எழுதவில்லை.

நேற்று அத்தானின் திவசம். பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். பிண்டம் வைத்து முடிய, சாப்பாட்டுக்கு இலை போடும் நேரம் பார்த்து ஜெயகுமாரி மச்சாள், “ஈஸ்டருக்கு ரிக்கற் போட்டிட்டன். அண்ணன்ர மாட்டுக்கு வெள்ளிச் சலங்கை வாங்கி வைச்சிருக்கிறன்” என்றாள்.

“மாடு இல்லை மச்சாள்” என்றேன்.

“இல்லையோ? எங்கை போட்டுது?”

“ஒக்டோபரில ஊசி போட்டு முடிச்சவை. நோவில கிடந்தது.”

“ஆர் முடிக்கச் சொன்னது? உங்கட தம்பியோ? மானியக் காசுக்காண்டி என்ர அண்ணன்ர மாட்டைக் கொன்று போட்டானோ? பசு தானம் எடுத்தவன் செய்யிற வேலையோ இது?”

இலை போட்டவள் அப்படியே நின்றாள். ஐயர் தர்ப்பையை எண்ணத் தொடங்கிவிட்டார். மச்சாள் அழுதாள். உன்னைப் பற்றி இன்னும் இரண்டு சொல் சொன்னாள், அதை எழுதமாட்டேன். நான் பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பழி உன் தலையில் சுகமாய்ப் போய் இருந்திருக்கும். ஈஸ்டருக்கு முன் பேர்கன் வரைக்கும் போயிருக்கும்.

“தம்பி இல்லை. நான்தான் செய்யச் சொல்லி எழுதினனான்” என்றேன்.

“நீங்களோ? எழுதினனீங்களோ?”

“ஓம். என்ர கையால.”

அவள் சாப்பிடாமல் போய்விட்டாள். தனுஷா வந்து என் பக்கத்தில் நின்று சோறு பரிமாறினாள்.

பிண்டத்துக்கு முன்னால், உன் அத்தானின் படத்துக்கு முன்னால் சொன்ன பொய் அது. அதைப் பொய்யாய் விட்டுவைக்க எனக்கு ஏலாது. இத்துடன் இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். திகதி போடவில்லை, பொய்த் திகதி எழுதக் கை வரவில்லை. உன் ஒக்டோபர்க் கடிதத்துக்கு வந்த பதில் என்று அதை வைத்துக்கொள். ஆரும் கேட்டால் எடுத்துக் காட்டு.

அக்கா சிறிதேவி

*

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. செய்.

மானியத்துக்காகவும் செய், மாட்டுக்காகவும் செய். இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை, நீயும் பிரித்துப் பார்த்து மனம் வருந்தாதே. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை.

வைத்தியர் வரும்போது நீ அதன் தலைமாட்டில் இரு. அது உன் குரலுக்குத்தான் திரும்பும், ஏதாவது கதைத்துக்கொண்டிரு. முடிந்ததும் தொழுவத்தில் நிற்காதே. உள்ளே போய்ச் சூடாய் எதையாவது குடி.

செய்யச் சொன்னது நான்.

அக்கா